1963ஆம் ஆண்டின் நான்கு கையொப்பங்கள்: வாங்கலாமா?

கேள்வி: பர்கூர் வாசகர், ஜனவரி 18

பெங்களூரில் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம், லிவர்பூலைச் சேர்ந்த பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸின் நால்வரும் (ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார்) 1963இல் கையொப்பமிட்டதாகச் சொல்லப்படும் இளஞ்சிவப்புத் தாள் ஒன்று சட்டமிடப்பட்டு இருக்கிறது. விலை மூன்றரை இலட்சம் ரூபாய். சான்றிதழும் உண்டு. புகழின் தொடக்கத்தில் அவர்கள் கேட்டவர்க்கெல்லாம் கையொப்பமிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். ஆகவே அந்த ஆண்டுத் தாள்களில் போலி குறைவாகவே இருக்கும், 1967க்குப் பிந்தியவற்றில்தான் போலி மிகுதி என்பது என் கணிப்பு. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஜனவரி 18, இரவு 9.40

முதற்பாதியை ஒப்புக்கொள்கிறேன்; அதைக் கொண்டு இரண்டாம் பாதிக்கு வந்துவிட முடியாது. 1963இல் பிரிட்டனில் ஊர் ஊராகச் சென்று வாசித்த அந்நால்வரும் அரங்கின் பின்வாசலிலும் விடுதிகளிலும் ஏராளமாகக் கையொப்பமிட்டார்கள். ஏராளமாக இட்டார்கள் என்பதனாலேயே, புதிதாக ஒரு தாள் எங்கிருந்து முளைத்தாலும் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கடைசிச் சுற்றுப்பயண நிகழ்ச்சி முடிந்த பிறகு, நால்வரும் ஒரே தாளில் கையொப்பமிடும் சந்தர்ப்பங்கள் அருகிவிட்டன. அந்தக் காலத்துத் தாள் சந்தைக்கு வந்தால் நூறு பேர் நூறு கேள்வி கேட்பார்கள். போலி செய்பவர் எந்த ஆண்டைத் தேர்ந்தெடுப்பார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. பணத்துக்காகச் செய்யப்படாத போலிகள் அந்தக் காலத்திலேயே ஏராளம். குழுவின் பயண உதவியாளர்களான நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் நால்வரின் பெயர்களையும் எழுதப் பழகியிருந்தார்கள். ரசிகர் மன்றம் அனுப்பிய படங்கள் பலவற்றில் கையொப்பம் அச்சிலேயே இருந்தது. சில வேளைகளில் நால்வரில் ஒருவரே மற்ற மூவருக்கும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டார். இவை அனைத்தும் அக்காலத்துத் தாளில் இருப்பவை. கையால் எழுதப்பட்டவற்றில் மையும் அக்காலத்ததே. எனவே தாள் பழையது, மை பழையது என்று காட்டினால் பாதிக் கிணறுகூடத் தாண்டியதாகாது.

ஜனவரி 19, காலை 7.15

நான் தர்மபுரியில் ஒரு வங்கிக் கிளையில் காசோலைக் கையொப்பங்களைச் சரிபார்க்கும் இருக்கையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். மேலே எழுதியது படித்தறிந்தது. இனி எழுதுவது கண்ணால் கண்டது.

பட்டுக்கூடு விற்ற பணத்தை எடுக்கப் பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் வரும் விவசாயிகளின் கையொப்பம், கணக்குத் தொடங்கிய நாளில் வாங்கிவைத்த மாதிரி அட்டையோடு ஒருபோதும் முழுமையாகப் பொருந்தாது. நின்றுகொண்டு போட்டால் ஒரு விதம், அமர்ந்து போட்டால் ஒரு விதம், பேருந்துக்கு நேரமாகிவிட்டால் கடைசி இரண்டு எழுத்துகளே இருக்காது. அதற்காக நாங்கள் காசோலையைத் திருப்பியதில்லை. ஆனால் மாதிரி அட்டையோடு இம்மி பிசகாமல் பொருந்திய காசோலை ஒன்று ஒருமுறை என் மேசைக்கு வந்தபோது, அந்தப் பொருத்தமே எனக்கு உறுத்தியது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோட்டின் தொடக்கத்தில் மை திரண்டிருந்தது. எழுத்தின் நடுவில் பேனாவை எடுத்து மீண்டும் வைத்த இடம் தெரிந்தது. வேகமாக வளைய வேண்டிய சுழி நடுங்கி நடுங்கி வளைந்திருந்தது. கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கை வைத்துத் தந்தையின் கையொப்பத்தை மகன் வரைந்திருந்தான் என்பது மாலைக்குள் தெரிந்துவிட்டது.

ஆகவே வடிவத்தைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள். நாள்தோறும் பல பேருக்குக் கையொப்பமிடும் இளைஞன் யோசித்து எழுதுவதில்லை. பேனா தாளைத் தொடும் முன்பே நகரத் தொடங்கியிருக்கும், தாளை விட்ட பின்னும் நகர்ந்துகொண்டிருக்கும். கோட்டின் இரு முனைகளும் மெலிந்திருக்கும். பார்த்து வரைபவருக்கு இது கைகூடுவது அரிது.

ஜனவரி 19, மாலை 6.05

காலையில் எழுதியதை மீண்டும் படித்தபோது ஒன்றைச் சேர்க்கத் தோன்றியது. வங்கியில் எங்களிடம் ஒரு மாதிரி அட்டை இருந்தது. இங்கே மாதிரியே மாறிக்கொண்டிருக்கிறது. 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் மதுக்கூடங்களில் இரவு முழுவதும் வாசித்துக்கொண்டிருந்த பையனின் கையொப்பமும், 1964இல் அமெரிக்காவில் வந்திறங்கியவரின் கையொப்பமும் ஒன்றாக இரா. எனவே 1963ஆம் ஆண்டுத் தாளை அதே ஆண்டின், முடிந்தால் அதே மாதங்களின் ஐயமற்ற கையொப்பங்களோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். இந்த நால்வரின் கையொப்பங்களை ஆண்டுவாரியாகப் பிரித்து ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட ஃபிராங்க் கயாட்சோ போன்றவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். மூன்றரை இலட்சம் கொடுக்கத் துணிந்தவர், அத்தகைய ஒருவரின் கருத்துக்குச் சிறு தொகை செலவிடத் தயங்கக் கூடாது.

ஜனவரி 21

நான்கு கையொப்பங்களும் ஒரே பேனாவில் இருந்தால் போலி என்று சேலத்து நண்பர் எழுதியிருக்கிறார். இல்லை, ஐயா. கையொப்பம் கேட்டு நின்ற சிறுமியிடம் ஒரு பேனாதான் இருந்திருக்கும். அது கை மாறியிருக்கும். ஒரே பேனா இயல்பு. ஒரே அழுத்தமும் ஒரே சாய்வும்தான் இயல்பல்ல.

பேனாவின் வகை பயன்படும். பந்துமுனைப் பேனா பிரிட்டனில் 1945 முதல் விற்பனையில் இருந்ததால் அதைக் கொண்டு எதையும் மறுக்க முடியாது. ஆனால் பேனா வடிவிலான அழியாத மார்க்கர் வேறு கதை: அந்த வகையில் இன்று பெயர்பெற்ற ஷார்ப்பி 1964இல்தான் சந்தைக்கு வந்தது. 1963ஆம் ஆண்டு லிவர்பூல் தாளில் ஷார்ப்பிக் கோடு இருந்தால், 2001 தேதியிட்ட பத்திரத்தில் ‘கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்று கண்ட சார்பதிவாளர் என்ன செய்வாரோ அதையே செய்யுங்கள். நம் மாவட்டம் பிரிந்தது 2004 பிப்ரவரியில் அல்லவா.

ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் புற ஊதா விளக்கைத் தாளின் மேல் காட்டலாமா என்று கேட்டவருக்கு: காட்டலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். தாளை வெண்மையாக்கும் ஒளிரும் இரசாயனங்கள் ஏறத்தாழ 1950 முதல் காகித ஆலைகளில் புழங்குகின்றன. 1930ஆம் ஆண்டுக் கடிதம் என்று சொல்லப்படும் தாள் நீலமாக ஒளிர்ந்தால் பிடிபட்டது என்று பொருள். 1963ஆம் ஆண்டுத் தாள் ஒளிரவும் செய்யலாம், ஒளிராமலும் போகலாம். பின்னால் தடவிய பசை, பிற்காலத்து ஒட்டு, அழித்த எழுத்து ஆகியவற்றைக் காட்டிக்கொடுக்க மட்டும் அந்த விளக்கு உதவும்.

ஜனவரி 24, இரவு 10.20

பர்கூர் நண்பர் இப்போது சட்டத்தோடு தரப்படும் கடிதத்தின் சாரத்தை எழுதியிருக்கிறார். கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பெண்ணொருவர் செவிலியராக லிவர்பூலுக்குச் சென்றதாகவும், 1963 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முன்பு கேவர்ன் கிளப் என்ற நிலவறை இசைக்கூடத்தின் வாசலில் நால்வரிடமும் நேரில் கையொப்பம் வாங்கியதாகவும் அதில் இருக்கிறதாம்.

முற்பாதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. என்னோடு பணியாற்றிய தங்கவயல்காரர் ஒருவரின் வீட்டில்தான் நான் இந்தக் குழுவின் இசையை முதன்முதலில் கேட்டேன். 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அங்கிருந்து பெயர்ந்த குடும்பங்களின் பழைய இசைத்தட்டுகள் பல, கிருஷ்ணகிரியிலும் பெங்களூரிலும் கைமாறியதை நேரில் பார்த்திருக்கிறேன். தங்கவயல் என்ற பெயரைச் சேர்த்தால் கதைக்கு ஓர் இயல்பு வந்துவிடுகிறது.

பிற்பாதி நிற்காது. பீட்டில்ஸ் கேவர்னில் முதன்முதலாக வாசித்தது 1961 பிப்ரவரி 9. கடைசியாக வாசித்தது 1963 ஆகஸ்ட் 3. இடையில் முந்நூறுக்குச் சற்றுக் குறைவான முறை அந்த நிலவறையில் வாசித்தவர்கள், அதன் பிறகு அங்கு நிகழ்ச்சி நடத்தவே இல்லை. கூட்டம் கட்டுக்கடங்காத அளவுக்கு அவர்கள் வளர்ந்துவிட்டிருந்தார்கள். மார்க் லூயிசன் போன்ற ஆய்வாளர்கள் இந்தக் குழுவின் நாட்களை ஏறத்தாழ ஒவ்வொன்றாகப் பதிவு செய்திருக்கிறார்கள். கையொப்பக் கதைகளில் ஊரும் நாளும் சேர்ந்து வந்தால் வாங்குபவருக்கு அது வரம். சரிபார்க்க ஓர் இரவு போதும்.

ஜனவரி 25, காலை

நேற்று எழுதியதைச் சற்றுத் தளர்த்துகிறேன். 1963 டிசம்பர் 7 அன்று அவர்கள் லிவர்பூலில்தான் இருந்தார்கள். எம்பயர் அரங்கில் ரசிகர் மன்றத்தாருக்காக வாசித்தார்கள். 22ஆம் தேதியும் அதே அரங்குக்கு வந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து கடிதம் எழுதும் முதிய பெண்மணி ஒருவர், எம்பயரைக் கேவர்ன் என்று எழுதிவிடுவது நடக்கக்கூடியதே. லிவர்பூல் என்றாலே கேவர்ன் என்று உலகமே பேசும்போது அவருடைய நினைவும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம்.

ஆகவே கதை தவறு என்பதால் தாளும் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் எம்பயர் என்று வைத்துக்கொண்டால் வேறொரு சிக்கல் முளைக்கிறது. 1963 டிசம்பரில் அந்த அரங்கின் வாசலில் நால்வரையும் அருகில் நெருங்கி, பேனாவை நீட்டி, அவர்கள் எழுதுவதைப் பார்த்திருக்க முடியுமா? காவல்துறையினர் சூழத்தான் அவர்கள் உள்ளே செல்வார்கள். நோட்டுகளைக் கட்டாக உள்ளே வாங்கிச் சென்று, கையொப்பங்களோடு திரும்பக் கொண்டுவந்து கொடுப்பவர் பெரும்பாலும் ஆஸ்பினால் அல்லது எவன்ஸ். பின்வாசலில் குளிரில் நின்ற பெண் முழு நேர்மையோடு ‘எனக்குக் கையொப்பமிட்டுத் தந்தார்கள்’ என்று எழுதலாம். உள்ளே பேனாவைப் பிடித்தது யார் என்பது அவருக்கே தெரிந்திராது. நான் எந்த விற்பனையாளரிடமும் முதலில் கேட்பது இதைத்தான்: பேனா நகர்ந்ததைப் பார்த்தவர் யார்?

ஜனவரி 28

சான்றிதழைப் பற்றிச் சிலர் வற்புறுத்திக் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் எஃப்பிஐ 1990களில் ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் நடத்திய விசாரணையில், விளையாட்டு வீரர்களின் கையொப்பங்களைப் பெருமளவில் போலியாகச் செய்து விற்ற கூட்டம் பிடிபட்டது. அங்கு விற்ற போலிகளோடும் சான்றிதழ்கள் இருந்தன. சான்றிதழ் அச்சடிக்க ஒரு கணினியும் பொன்னிற ஒட்டுமுத்திரையும் போதும். அதில் யார் பெயர் இருக்கிறது, அவர் இந்தக் கையொப்பங்களை அறிந்தவர் என்று சந்தையில் ஏற்கப்பட்டவரா, பொருள் தவறென்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் இருக்கிறதா என்பவையே பார்க்கத் தக்கவை. பர்கூர் நண்பர் படமெடுத்து அனுப்பிய சான்றிதழில் விற்பவரே சான்றளிப்பவராகவும் இருக்கிறார்.

ஜனவரி 30

விலையைப் பற்றி. அசலான நால்வர் தாள்கள் ஏலங்களில் பல ஆயிரம் டாலருக்குப் போகின்றன என்பதால் மூன்றரை இலட்சம் அதிகமும் அல்ல, வியக்கத்தக்க மலிவும் அல்ல. ஓசூர் நண்பர் சுட்டிய 2,90,500 டாலர் வேறு கணக்கு. அது 1967ஆம் ஆண்டின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ இசைத்தட்டு உறை, நால்வர் கையொப்பத்தோடு 2013 மார்ச்சில் ஹெரிட்டேஜ் ஏலத்தில் போன விலை. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நோட்டுத் தாளுக்கு விலை பேசுவது சரியன்று. தொடக்க காலப் பொருள்களில் கையொப்பமே இல்லாமல் விலை பெறுபவையும் உண்டு: 1962இல் வந்த ‘லவ் மீ டூ’ தட்டின் விளம்பரப் பிரதிகள் ஏறத்தாழ 250தான், அவற்றின் நடுவில் ஒட்டிய தாளில் மெக்கார்ட்னியின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. அச்சுப் பிழைக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் துறை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 2, இரவு 11

இந்த இழையில் இதுவரை எவரும் கேட்காத கேள்வியை இப்போது கேட்கிறேன்: தாளின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

இளஞ்சிவப்புத் தாள் என்றதுமே அது கையொப்ப நோட்டிலிருந்து பிரிந்தது என்று புரிகிறது. நம் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் நாட்களில் கைமாறும் பல வண்ணத் தாள் கொண்ட நோட்டைப் போன்றதே அது. அத்தகைய நோட்டை வைத்திருந்த பெண் ஒரு குழுவோடு நிறுத்திக்கொள்ளமாட்டார். அந்தக் காலத்தில் ஒரே மேடையில் பலர் அடுத்தடுத்துத் தோன்றினார்கள். 1963 பிப்ரவரியில் ஹெலன் ஷபீரோவோடும், மார்ச்சில் டாமி ரோ, கிறிஸ் மான்டெஸ் ஆகியோரோடும், மே 18 முதல் ஜூன் 9 வரை ராய் ஆர்பிசனோடும் இவர்கள் பிரிட்டனைச் சுற்றினார்கள். ஆர்பிசன் பயணத்தில் ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் குழுவும் உடனிருந்தது. நால்வர் கையொப்பத்துக்குப் பின்பக்கத்தில் அக்குழுவின் பாடகர் ஜெர்ரி மார்ஸ்டனின் கையொப்பம் இருந்தால் அந்தத் தாள் தானே தன் மாதத்தைச் சொல்லிவிடக்கூடும். இன்று எவரும் பெரும்பணம் தராத ஒரு பாடகரின் கையொப்பத்தைப் பின்பக்கத்தில் போலியாகச் செய்ய எவருக்கும் பொறுமை இராது.

இன்னொன்று: பந்துமுனைப் பேனா அழுத்தினால் பின்பக்கத்தில் வரிவரியாகப் புடைப்பு தெரியும். அச்சிட்ட கையொப்பத்தில் புடைப்பு இராது. விரல் நுனியால் மெல்லத் தடவிப் பார்த்தாலே போதும்.

சட்டத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 3

இல்லை, ஊத்தங்கரை நண்பரே, லேமினேட் செய்யக் கூடாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் முதல் ரேஷன் அட்டை வரை அனைத்தையும் சூடான பிளாஸ்டிக்கில் புதைக்கும் நம் வழக்கம் கையொப்பத்துக்கு ஆகாது. என்னிடமிருந்த ஒரு கையொப்பப் படத்தைச் சட்டமிடக் கொடுத்தபோது, கேட்காமலேயே கடைக்காரர் அதைக் கடின அட்டையில் பசை தடவி ஒட்டிவிட்டார்; அழகாகத்தான் இருந்தது, ஆனால் அதன் பின்பக்கத்தை இனி எவரும் பார்க்க முடியாது. அமிலமற்ற அட்டை, மூலைகளைத் தாங்கும் காகிதப் பை, வெயில் படாத சுவர் ஆகியன போதும். பந்துமுனைப் பேனா மையை வெளிச்சம் வெளுக்கச் செய்யும். தாளைத் தின்னும் இராமபாணப் பூச்சிக்கு ஜான் யார், ரிங்கோ யார் என்ற பேதமெல்லாம் கிடையாது.

பிப்ரவரி 8

ஓசூர் நண்பரின் தட்டு இந்த இழையிலேயே எனக்கு மிகவும் ஆர்வமூட்டியது. கல்கத்தாவின் டம்டம் ஆலையில் வார்த்த, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டு. அதன் நடுத்தாளில் நால்வரின் பெயர்கள் மையால் எழுதப்பட்டிருக்கின்றன. பிரிட்டனில் அத்தகைய தட்டுகள் நின்றுபோன பிறகும், கைச்சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்கள் இங்குப் புழக்கத்தில் இருந்ததால் பீட்டில்ஸ் பாடல்கள் இந்தியாவில் அரக்குத் தட்டிலும் வெளிவந்தன. கையொப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உலகெங்கும் சேகரிப்போர் தேடும் பொருள் அது. தயவுசெய்து நீள்தட்டு ஊசியில் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

கையொப்பத்துக்கு வருவோம். நால்வரும் சேர்ந்து இந்திய மண்ணில் இருந்த நாட்கள் மிகக் குறைவு. 1966 ஜூலையில் மணிலாவிலிருந்து திரும்பும் வழியில் டெல்லியில் தங்கினார்கள். 1968 பிப்ரவரியில் ரிஷிகேஷுக்கு வந்தார்கள். ரிஷிகேஷிலும் ரிங்கோ ஏறத்தாழப் பத்து நாட்களில் கிளம்பிவிட்டார், பால் மார்ச்சில் சென்றார், ஜானும் ஜார்ஜும் ஏப்ரலில் புறப்பட்டார்கள். நடுத்தாளில் பெயர்களுக்கு அடியில் ‘ஏப்ரல் 1968’ என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதத்தில் நால்வரிடமும் ஒருசேர அங்குக் கையொப்பம் பெற வழியில்லை. யாரோ ஆசையோடு எழுதிவைத்த பெயர்களாக இருக்கலாம். அதை அழிக்க முயலாதீர்கள். தட்டின் மதிப்பு போய்விடும்.

பிப்ரவரி 15

அப்படியானால் தொடக்க காலக் கையொப்பம் எதையும் நம்மைப் போன்றவர்கள் வாங்கவே முடியாதா என்று பர்கூர் நண்பர் சலிப்போடு கேட்கிறார். முடியும். நால்வரை விட்டு ஓரடி தள்ளி நில்லுங்கள்.

1960 முதல் 1962 ஆகஸ்ட் வரை இந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் பீட் பெஸ்ட். ஹாம்பர்க் இரவுகளையும் கேவர்ன் பகல்களையும் ரிங்கோவைவிட அதிகம் கண்டவர் அவரே. பிற்காலத்தில் பல ஆண்டுகள் தன் குழுவோடு ஊர் ஊராக வாசித்து, ரசிகர்களைச் சந்தித்துக் கையொப்பமிட்டார். இங்கிலாந்தில் பணிபுரியும் என் அண்ணன் மகள் ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு வரிசையில் நின்று எனக்காக ஒன்று வாங்கிவந்தாள். பேனா நகர்ந்ததைப் பார்த்தவள் என் வீட்டுப் பெண் என்பதால் அந்தப் படத்துக்கு நான் எவரிடமும் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. விலைக்குப் போட்டால் பெரிதாக ஒன்றும் வராது. போடுகிற எண்ணமும் இல்லை.

ஹாம்பர்க் நண்பரும் பின்னாளில் இக்குழுவின் ‘ரிவால்வர்’ இசைத்தட்டின் உறையை வரைந்தவருமான கிளாஸ் வூர்மன், 1961இல் இவர்களைப் பின்னணிக் குழுவாக வைத்துப் பதிவு செய்த டோனி ஷெரிடன், இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஆகியோரின் கையொப்பங்களும் நால்வரின் விலையோடு ஒப்பிட எட்டக்கூடியவையே. குழுவில் தொடக்கத்தில் பேஸ் கிட்டார் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் மட்டும் விலக்கு. 1962 ஏப்ரலில் 21 வயதிலேயே இறந்துவிட்டவரின் கையொப்பம் அரிதினும் அரிது. மலிவாக வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

பிப்ரவரி 23, இரவு 8.30

பர்கூர் நண்பர் நேரில் சென்று பார்த்துவந்திருக்கிறார். விற்பவர் முதலில் மறுத்து, பிறகு சட்டத்தைப் பிரித்துக் காட்டினாராம். தாள் முழுவதும் வெள்ளை அட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறது. பின்பக்கத்தைப் பார்க்க வழியில்லை. ஆனால் அவர் அனுப்பிய படத்தில், மேல் மூலையில் பசை ஊறிக் கறையான இடத்தின் மேல் ‘ஜார்ஜ்’ என்பதன் தொடக்கக் கோடு ஏறிச் செல்கிறது. கறை படிந்த இடத்தில் மை லேசாக விலகித் திட்டுத் திட்டாக நிற்கிறது. பசை முதலில் வந்தது, மை பிறகு வந்தது. தங்கவயல் பெண்மணி தன் நோட்டுத் தாளைச் சட்டக்கடை அட்டையில் ஒட்டி எடுத்துக்கொண்டு லிவர்பூல் அரங்கு வாசலில் நின்றிருந்தால் ஒழிய, இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

விலையை ஒன்றேகால் இலட்சமாகக் குறைக்க விற்பவர் முன்வந்திருக்கிறாராம். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் அது அதிகம்.

பிப்ரவரி 24

சேலத்து நண்பருக்கு: ரிங்கோவுக்குப் படத்தை அஞ்சலில் அனுப்பிக் கையொப்பம் கேட்பதில் பயனில்லை. 2008 அக்டோபர் 20க்குப் பிறகு வரும் எதிலும் கையொப்பமிடமாட்டேன், வந்தவை குப்பைக்குப் போகும் என்று அவரே காணொளியில் அறிவித்துவிட்டார். அந்தத் தேதிக்குப் பிறகு அஞ்சலில் வாங்கியதாகச் சொல்லப்படும் ரிங்கோ கையொப்பத்தை எவராவது உங்களிடம் விற்க வந்தால், உறையின் மேலிருக்கும் அஞ்சல் முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள்.